கொட்டகை வாசலில் ஒரு சிவப்புக் கோடு

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்து மல்லூரைத் தாண்டும்போது இடப்பக்க ஜன்னலில் மலைகளும் கூடவே வருகின்றன. முதலில் ஜருகுமலை, கொஞ்ச நேரம் கழித்துப் போதமலை. மலைக்கும் சாலைக்கும் நடுவே குச்சிக்கிழங்கு, பருத்தி, சோளம். இடையிடையே நீளநீளமான கோழிக் கொட்டகைகள். அவற்றுக்குப் பக்கச்சுவர் கிடையாது, கம்பி வலைதான். சேலம், நாமக்கல் வெயிலுக்கு அப்படித்தான் கட்ட முடியும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கான கோழிகள் மூச்சுவிடும் இடம் அது.

அந்த மூச்சுக்காகத்தான் நான் ராசிபுரத்துக்கு வந்தேன். நெய்க்கும் ஜவ்வரிசிக்கும் பட்டுக்கும் பேர்போன ஊர். ஆர்.கே. நாராயணன் பெயரின் முதல் எழுத்தில் இருப்பதும் இந்த ஊர்தான். ஆனால் ராசிபுரத்தையும் சேர்த்து நாமக்கல் மாவட்டத்தைத் தமிழ்நாட்டின் எல்லாப் பள்ளிக்கூடங்களோடும் பிணைப்பது முட்டை. சத்துணவுத் தட்டில் விழும் முட்டையில் பெரும்பகுதி இந்தச் சமவெளியிலிருந்து போகிறது. கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் போவதும் இங்கிருந்துதான். நானோ துகள்களைக் கொண்டு சுவாச வைரஸ்களைக் கண்டறிவது பற்றி நகரத்து ஆய்வகங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு யாருக்கு உடனே தேவையோ அவர்களிடம் போய் நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

பேருந்து நிலையத்தில் இறங்கி நித்திய சுமங்கலி மாரியம்மன் கோயில் பக்கமாக நடந்தேன். மற்ற ஊர்களில் மாரியம்மன் திருவிழா முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கிவிடுவார்கள். இங்கே ஆண்டு முழுவதும் கம்பம் அம்மனுக்கு எதிரில் நிற்கும். பெயர்க்காரணம் அதுதான். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது நம் ஊர்களின் பழைய வழக்கம். உள்ளே நோய் இருக்கிறது, வெளியாட்கள் வரவேண்டாம் என்று தெருவுக்கே சொல்லிவிடும் கொத்து அது. அம்மை உடம்பில் முத்தாகத் தெரிந்துவிடும், அதனால் வேப்பிலையை எப்போது செருகுவது என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை. மூச்சைப் பிடிக்கும் வைரஸ் அப்படித் தெரிவதில்லை. அது தெரிய வருவதற்குள் அடுத்த வீட்டுக்கும் அடுத்த கொட்டகைக்கும் போய்விடுகிறது. வேப்பிலையை இன்றைக்குச் செருகு என்று சொல்லும் கருவி ஒன்று வேண்டும். நான் தேடி வந்ததும் அதைத்தான்.

ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளியிருந்த பண்ணை ஒன்றின் வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். வண்டிச் சக்கரத்துக்குக் கிருமிநாசினி தெளிக்கும் குழாய், கால் நனைக்கத் தொட்டி, சுண்ணாம்பு தூவிய தரை. பண்ணைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். "வாங்க தம்பி, செருப்பை அங்கயே விட்டுடுங்க. ஷெட்டுக்குள்ள மட்டும் வேண்டாங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். நினைக்க எதுவும் இல்லை. வேறொரு பண்ணையை மிதித்த செருப்பு எத்தனை பேரின் பிழைப்பைக் கெடுக்கும் என்பது அவருக்குத் தெரியும். தீவனக் கிடங்குத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம்.

நோய் வந்திருப்பதை முதலில் எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டேன். "காதுலதானுங்க" என்றார். "ராத்திரி லைட்டை அணைச்சுட்டுக் கொஞ்ச நேரம் ஷெட்டுக்குள்ள சும்மா நிப்பேன். நல்லா இருக்கிற கோழி சத்தமில்லாமத் தூங்கும். எங்கயாவது கொறகொறன்னு மூச்சு இழுத்துதுன்னா அன்னிக்குத் தூக்கம் போச்சு. அடுத்தாப்ல தீனி குறையும், அப்புறம் முட்டை குறையும்."

இருட்டில் நின்று மூச்சைக் கேட்கும் அந்தப் பழக்கம் இந்தத் தொழிலில் ஊறியவர்கள் எல்லோரிடமும் உண்டு. அதை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அனுபவம் தந்த நல்ல கருவி அது. ஆனால் காதுக்கு ஒரு எல்லை இருக்கிறது. கொறகொறப்பு எந்த வைரஸால் வந்தது என்று அது சொல்லாது.

ஒரே சத்தத்துக்குப் பின்னால் குறைந்தது மூன்று பேர் நிற்கலாம். ஒன்று ராணிக்கெட், கிராமங்களில் வெள்ளைக் கழிச்சல் என்பார்கள். இமயமலைப் பகுதி ஊரொன்றின் பெயரால் இந்தியாவில் அறியப்பட்ட இதுவே வெளிநாடுகளில் இங்கிலாந்தின் நியூகாசில் பெயரால் வழங்குகிறது. இரண்டாவது, தொற்று மூச்சுக்குழல் அழற்சி. பண்ணைகளில் சுருக்கமாக ஐ.பி. 1931-ல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் குஞ்சுகளிடம் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நோயைத் தருவது ஒரு கொரோனா வைரஸ். கொரோனா குடும்பத்தில் மனிதன் முதலில் அறிந்ததே கோழியின் வைரஸைத்தான். 2020-ல் உலகம் முழுவதும் அந்தப் பெயரைக் கேட்டுத் திகைத்தபோது, இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பல ஆண்டுகளாக ஒரு கொரோனா வைரஸுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐ.பி. வந்த கோழி பிழைத்தாலும் முட்டை ஓடு சுருங்கிப்போகும், வெள்ளைக்கரு தண்ணீராக ஓடும். மூன்றாவது, பறவைக் காய்ச்சல். மற்ற இரண்டும் ஒரு பண்ணையின் நஷ்டம். இது வந்தால் வட்டாரத்துக்கே ஆபத்து, கோழியைத் தொடும் ஆட்களுக்கும் ஆபத்து.

எந்த வைரஸ் என்று தெரிய, செத்த கோழியைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு நாமக்கல் போவார்கள். லத்துவாடியில் 1985-லிருந்து இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். பறவைக் காய்ச்சல் என்ற சந்தேகம் எழுந்தால் பாதை நீளும். மாதிரிகளை ஐஸ் பெட்டியில் மூன்றடுக்காகப் பொதிந்து அரசு வழியாக அனுப்ப வேண்டும். தென்மாநிலங்களுக்கான நோயறிகூடம் பெங்களூரில் இருக்கிறது. இறுதியாக உறுதிசெய்வது போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனம். ராசிபுரத்திலிருந்து போபால் 1,500 கிலோமீட்டருக்கும் மேல். மாதிரி விமானத்தில் பறந்தாலும், எடுப்பது, பொதிவது, சோதிப்பது, அறிக்கை வருவது என்று நாள்கணக்காகிவிடும். அந்த இடைவெளியில் தீவன லாரி வந்துபோகும், முட்டை வண்டி வந்துபோகும், எரு அள்ளும் ஆட்கள் நான்கு பண்ணைகளுக்குப் போய்வருவார்கள்.

அந்த நாட்களைச் சுருக்கும் பொருளை ஒரு கால்நடை மருத்துவர் எனக்குக் காட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு பட்டை. கொரோனா காலத்தில் வீட்டில் மூக்கைத் துடைத்துப் பார்த்தவர்களுக்கு அறிமுகமான அதே அமைப்பு. கோழியின் மூச்சுக்குழலிலும் எச்சத் துவாரத்திலும் பஞ்சுக்குச்சியால் துடைத்து, கரைசலில் கலக்கி, சில சொட்டு விட வேண்டும். ஏறக்குறைய 15 நிமிடத்தில் ஒரு கோடு வந்தால் சோதனை ஒழுங்காக நடந்தது, இரண்டு கோடு வந்தால் வைரஸ் இருக்கிறது.

அந்தக் கோடு ஏன் சிவப்பு என்பது இந்தப் பயணத்தில் நான் மிகவும் ரசித்துக் கற்ற விஷயம். அது சாயம் இல்லை, தங்கம். மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு நானோமீட்டர். இந்தப் பட்டைகளில் இருக்கும் தங்க உருண்டைகள் பெரும்பாலும் 40 நானோமீட்டர் அளவில் இருப்பவை. பறவைக் காய்ச்சல் வைரஸ் ஒன்றின் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர், ஆக இரண்டு மூன்று தங்கத் துகள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வைரஸ் அகலம். இவ்வளவு சிறிதான தங்கம் மஞ்சளாக மின்னாது. அதன் எலெக்ட்ரான்கள் மொத்தமாக ஒரே லயத்தில் அசைந்து பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன. மிஞ்சி நம் கண்ணுக்கு வருவது மாணிக்கச் சிவப்பு. மைக்கேல் ஃபாரடே 1850-களில் இப்படியொரு சிவப்புக் கரைசலைச் செய்து, அதில் இருப்பது தங்கத்தின் மிக நுண்ணிய துகள்கள் என்று 1857-ல் லண்டனில் விளக்கினார். அவர் செய்த கரைசல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் சிவப்பாகவே இருக்கிறது.

ஒவ்வொரு தங்கத் துகளின் மேலும் குறிப்பிட்ட வைரஸ் புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பான்களை ஒட்டிவைத்திருப்பார்கள். சொட்டு விட்டதும் ஈரம் பட்டையில் ஏறும், தங்கமும் அதனோடு நகரும். வைரஸ் இருந்தால் தங்கம் அதைப் பற்றிக்கொண்டே போகும். வழியில் கண்ணுக்குத் தெரியாமல் கோடாகத் தடவி வைத்த இன்னொரு எதிர்ப்பான் அந்த வைரஸை மறுபக்கம் பிடித்து நிறுத்தும். ஒரு துகளின் நிறம் யாருக்கும் தெரியாது. எண்ணற்ற துகள்கள் ஒரே இடத்தில் சிக்கி நின்றால் கோடு தெரியும். ஈரம் ஏறும் அந்தப் பட்டை நைட்ரோசெல்லுலோஸ். பருத்தியின் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிய வைத்துப் பெறும் பொருள். ராசிபுரம் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் ஏலத்தில் மூட்டை மூட்டையாக ஆர்.சி.எச்., சுரபி ரகப் பருத்தி விலைபோகிறது. அந்த மூட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இந்தப் பட்டை ஏதோ அயல் கிரகத்துப் பொருளாகப் படவில்லை. ஒரு பட்டையில் இருக்கும் தங்கமும் மைக்ரோகிராம் கணக்குதான். விலையை ஏற்றுவது தங்கம் இல்லை, நல்ல எதிர்ப்பானும் தரமான பட்டையும்தான்.

இத்தனை அழகான பொருளை நம்பலாமா? 2020 ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து அவசரமாக வந்திறங்கிய விரைவுச் சோதனைப் பட்டைகள், உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பான்களைக் காட்ட வேண்டியவை, மாநிலத்துக்கு மாநிலம் முரண்பட்ட முடிவைக் காட்டியதால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே அவற்றை நிறுத்தச் சொன்னது. அதன் பிறகு பல மாநிலங்கள் வைரஸ் புரதத்தைக் காட்டும் விரைவுச் சோதனைக்கு மாறியபோது, தமிழ்நாடு ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையையே பிடித்துக்கொண்டு நின்றது. அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். பி.சி.ஆர். கருவி வைரஸின் மரபுப்பொருளைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கிறது, முப்பது சுற்றில் நூறு கோடி மடங்கைத் தாண்டும். பட்டை எதையும் பெருக்குவதில்லை, இருப்பதைத்தான் காட்டும். வைரஸ் குறைவாக இருந்தால் கோடு வராது. மூக்கை நீட்டி நிற்கும் ஒரு மனிதருக்கு ஒரு பட்டை, அது தவறினால் அவர் வீடு முழுவதும் தவறிவிடும்.

கோழிக் கொட்டகையில் இந்தக் கணக்கு வேறு. நோய் நுழைந்த கொட்டகையில் சோர்ந்ததும் செத்ததுமாகப் பல கோழிகள் இருக்கும், அவற்றின் உடம்பில் வைரஸும் ஏராளமாக இருக்கும். மோசமான ஒரு பட்டை, நோயுள்ள கோழியைப் பாதிக்குப் பாதி தவறவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். நோயுற்ற ஐந்து கோழிகளைச் சோதித்தால் ஐந்தையும் தவறவிட 32-ல் ஒரு வாய்ப்புதான். மருத்துவமனையில் பலவீனமாக இருக்கும் கருவி மந்தைக்கு நடுவே பலம் பெறுகிறது. உலக விலங்கு சுகாதார அமைப்பும் இத்தகைய பட்டைகளைத் தனிக் கோழிக்கு என்று பார்க்காமல், நோயுற்ற, செத்த கோழிகளைக் கொண்டு முழு மந்தைக்குமான முதல் பார்வையாகத்தான் ஏற்கிறது. மூச்சு நோய்க்கான தங்கப் பட்டைக்கு மிகப் பொருத்தமான இடம் நாமக்கல் போன்ற சமவெளி என்று எனக்கு உறுதியாகப் படுவது இதனால்தான்.

இதைச் சொன்னதும் மருத்துவர் என்னை நிதானப்படுத்தினார். "கோடு வந்துட்டா மட்டும் போதாதுங்க சார். எந்த ரகம்னு அது சொல்லாது." பறவைக் காய்ச்சலுக்கான பட்டை காட்டுவது இன்ஃபுளுவென்சா ஏ என்ற பொதுக் குடும்பத்தை. எச்9என்2 என்ற சாதுவான ரகம் இந்தியப் பண்ணைகளில் ஏற்கெனவே சுற்றிவருகிறது. கோழியை அது கொத்துக்கொத்தாகக் கொல்வதில்லை. எச்5என்1-க்கும் அதற்கும் கோடு ஒன்றே. ராணிக்கெட்டிலும் இதே சிக்கல். குடிநீரில் கலந்து கொடுக்கும் லசோட்டா தடுப்பு மருந்தில் இருப்பதே உயிருள்ள, வலுக்குறைந்த வைரஸ். கொடுத்த சில நாட்களுக்குப் பட்டை அதையும் நோய் என்று காட்டலாம். பண்ணையின் தடுப்பூசி நோட்டைப் பார்க்காமல் பட்டையை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

கோடு தவறாக வந்தால் நஷ்டமும் சிறியதாக இருக்காது. 2006 பிப்ரவரியில் இந்தியாவில் முதன்முறையாகப் பறவைக் காய்ச்சல் உறுதியானது மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். நோய் அங்கே, முட்டை விலை சரிந்தது இங்கே. 2021 ஜனவரியில் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் வாத்துகளிடம் எச்5என்8 உறுதியானபோது இந்த மாவட்டத்தில் ஒரு கோழிகூடத் தும்மாமலே பண்ணைக்காரர்கள் கலங்கினார்கள். பட்டையின் புகைப்படம் வாட்ஸ்அப்பில் ஓடினால் வதந்தியே நோயைவிட வேகமாகப் பரவும். ஆகவே கோடு முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் கால்நடை மருத்துவர். விலங்குகளின் தொற்றுநோய்களைத் தடுக்கும் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி சந்தேகத்தை அரசுக்குத் தெரிவிப்பது கடமை. உறுதியானால் 1 கிலோமீட்டர் ஆரத்துக்குள் கோழிகளை அழிக்க வேண்டும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. இத்தனை பெரிய முடிவைப் போபால்தான் எடுக்க வேண்டும், பட்டை எடுக்கக் கூடாது. போபால் பேசும் வரை வாசல் கதவைச் சாத்து, வண்டியை நிறுத்து, ஆட்களை வேறு பண்ணைக்கு அனுப்பாதே என்று சொல்வது பட்டையின் வேலை. அந்த ஓரிரண்டு நாள் அமைதியாகக் கதவைச் சாத்திவைத்தால், கோடு பொய்யென்று தெரிந்தாலும் பெரிய கேடில்லை.

நானோ துகள் என்றதும் எல்லோரும் பட்டையையே நினைக்கிறார்கள். ஆய்வகத்து பி.சி.ஆர். சோதனைக்குள்ளும் அது மறைந்திருக்கிறது. மாதிரியிலிருந்து வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கக் காந்தத் தன்மையுள்ள நுண்துகள்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆர்.என்.ஏ. அவற்றில் ஒட்டிக்கொள்ளும். வெளியே காந்தத்தை வைத்தால் துகள்கள் ஓரமாக ஒதுங்கிவிடும், அழுக்கைக் கழுவிவிடலாம். 2020-ல் இறக்குமதிப் பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் காந்த நானோ துகள்களைக் கொண்டு 'சித்ரா மேக்னா' என்ற பிரித்தெடுப்புப் பெட்டியை உருவாக்கியது. கொச்சியில் இருந்த ஒரு நிறுவனத்தின் மூலம் அது சந்தைக்கும் வந்தது. நெருக்கடியில் பக்கத்து மாநிலத்து ஆய்வகம் சில மாதங்களுக்குள் செய்து காட்டிய அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பட்டையின் குறையையே தீர்க்கப் பார்க்கும் வழிகளும் உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்தில் தீபாஞ்சன் பான் குழுவினர் 2020-ல் தங்கத் துகள்கள் மேல் எதிர்ப்பானுக்குப் பதிலாக, கொரோனா வைரஸின் ஒரு மரபணுவோடு மட்டும் இணையும் குட்டை டி.என்.ஏ. இழைகளை ஒட்டினார்கள். வைரஸின் ஆர்.என்.ஏ. இருந்தால் துகள்கள் நெருங்கிச் சேர்ந்துகொள்ளும். நெருங்கிய தங்கம் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும், கரைசல் ஊதாவிலிருந்து நீலமாகும். பத்தே நிமிடத்தில் வெறும் கண்ணால் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். ரகத்தைப் பிரித்தறியும் திறமை இந்த வழியில் இருக்கிறது, ஏனென்றால் எச்5-க்கும் எச்9-க்கும், தடுப்பூசி வைரஸுக்கும் நோய் வைரஸுக்கும் உள்ள வேறுபாடு மரபெழுத்துகளில் எழுதப்பட்டிருக்கிறது.

ராசிபுரத்திலிருந்து மேற்கே திருச்செங்கோட்டில் பொறியியல் கல்லூரியொன்று நானோ அறிவியலுக்கென்றே மையம் வைத்திருக்கிறது. தெற்கே லத்துவாடியில் கோழி நோய்களை அறுத்துப் பார்த்துப் பழகிய கைகள் இருக்கின்றன. நடுவே கோடிக்கணக்கான கோழிகளும் அவற்றை நம்பிய குடும்பங்களும். உலகில் இந்த மூன்றும் இவ்வளவு பக்கத்தில் அமைந்த இடங்கள் அதிகம் இருக்காது. நம் பல்கலைக்கழகங்களில் தங்கத் துகளைப் பற்றிய ஆய்வுகள் கட்டுரையாக அச்சேறியதோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. எச்5-ஐயும் எச்9-ஐயும் தனித்தனிக் கோடாகக் காட்டும் பட்டையை, லசோட்டா கொடுத்த கோழியையும் நோயுற்ற கோழியையும் பிரித்தறியும் கரைசலை, இங்கேயே, இந்தக் கோழிகளிடமே சோதித்து உருவாக்க வேண்டும். அதைத் தொழிலாளிகளின் தும்மலுக்கும் நீட்ட வேண்டும். கொட்டகைக்குள் முகம் மூடாமல் எரு அள்ளும் பெண்கள்தான் பறவை வைரஸை மனிதரில் முதலில் சந்திக்கக் கூடியவர்கள்.

பண்ணைக்காரரிடம் திரும்பிப் போய் இதையெல்லாம் சொன்னேன். அவர் விலை கேட்டார். வெளியிலிருந்து வரும் பட்டைக்கு நூற்றுக்கணக்கில் ஆகும் என்றதும், "ஒரு அட்டை முட்டை விலைக்கு அஞ்சு பட்டை கொடுக்கச் சொல்லுங்க, மாசாமாசம் பாக்கறேன்" என்றார். ஒரு அட்டையில் 30 முட்டை. நல்ல இலக்கு, ஆய்வகங்கள் சுவரில் எழுதிவைத்துக்கொள்ளலாம். பிறகு பட்டை வந்த பெட்டியைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலையில் அச்சிட்டிருந்ததைப் படித்தார். 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்கவும் என்று இருந்தது. "சித்திரையில எங்க ஷெட்டு நாப்பதைத் தொடுங்க. இதை எங்க வைக்கிறது?" என்று கேட்டார். வெப்பத்தில் முதலில் கெடுவது தங்கம் இல்லை, அதன் மேல் ஒட்டிய எதிர்ப்பான். 40 டிகிரியில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடாத ஒட்டுமுறை எது என்பதுதான் இங்கிருந்து ஆய்வகத்துக்கு எடுத்துப்போக வேண்டிய முதல் கேள்வி என்று குறித்துக்கொண்டு, புதுச்சத்திரம் வழியாக நாமக்கல் போகும் பேருந்தைப் பிடித்தேன்.